110-ஐயும் 143-ஐயும் இழுத்து மூடுங்க சாமிகளா!

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ பஸ் ரூட் நம்பர்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும் :-) இது பஸ் இல்ல, போர்ட். மெயில் சர்வர்ல இருக்கற ரெண்டு கதவு. 110 பாப்3-க்கு, 143 ஐமேப்புக்கு. ரெண்டுக்கும் பிறவியிலேயே தாழ்ப்பாள் கிடையாது. அந்தக் கதவு வழியாத்தான் நம்ம நாட்டுல எத்தனையோ சின்ன ஆபீஸ்கள் இன்னிக்கும் மெயிலை எடுத்துக்கிட்டு இருக்கு. பக்கத்துலயே 995, 993-னு பூட்டு போட்ட ரெண்டு கதவு சும்மா கிடக்கு. அதுக்குப் பத்து பைசா செலவு இல்ல. ஆனாலும் யாரும் அந்தப் பக்கம் போறது இல்ல.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். இந்தக் காலத்துல ஒரு ஆபீஸுக்கு மெயில் சர்வர் நிறுவிக் குடுத்துட்டு, அதுல குறியாக்கம் இல்லாம மெயில் எடுக்க வழி வைக்கிறது "அட்ஜஸ்ட்மென்ட்" இல்ல. அது தொழில் துரோகம். எலக்ட்ரீஷியன் எர்த் கனெக்‌ஷன் குடுக்காம வயரிங் முடிச்சுட்டு காசு வாங்கிட்டுப் போற மாதிரி. பல்பு எரியும். யாரையாவது ஒரு நாள் அடிக்கும்.

நான் புனேல இருக்கேன். பகல்ல ஒரு கம்பெனிக்கு சர்வர் மேய்க்கிற வேலை. சனி ஞாயிறுல தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு சின்னச் சின்ன ஆபீஸ்களுக்குப் போய் "மெயில் வரல" பஞ்சாயத்து தீர்த்து வைக்கிறது உண்டு. ஆடிட்டர் ஆபீஸ், கிளினிக், சரக்கு ஏஜென்ட், சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனி. யார் பேரும் வேண்டாம். பேர் சொல்லி அவமானப்படுத்த நான் எழுத வரல. எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட ஒரே கதைதான்.

மூலையில ஒரு பழைய கம்ப்யூட்டர். அதுல லினக்ஸ். எப்பவோ ஒரு புண்ணியவான் போட்டுக் குடுத்தது. வெளியில ஹோஸ்டிங்காரங்க கிட்ட இருக்கற மெயில்பாக்ஸ்ல இருந்து ஃபெட்ச்மெயில் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மெயிலை இழுத்துட்டு வரும். டவ்காட் அதை ஆபீஸ்ல இருக்கற பத்துப் பன்னெண்டு பேருக்குப் பிரிச்சுக் குடுக்கும். நெட் போனாலும் பழைய மெயில் கையில இருக்கும், ஆளுக்கொரு பெரிய மெயில்பாக்ஸுக்கு வருஷா வருஷம் காசு கட்ட வேண்டாம். இந்த ஏற்பாட்டை நான் கிண்டல் பண்ணவே மாட்டேன். ரொம்ப நல்ல ஏற்பாடு. ஃபெட்ச்மெயிலை எரிக் ரேமண்ட் 1996-ல கையில எடுத்தார், டவ்காட்டை டிமோ சிரைனென் 2002-ல வெளியிட்டார். ரெண்டும் இலவசம், ரெண்டும் வருஷக்கணக்கா சோதிக்கப்பட்டது.

கோளாறு மென்பொருள்ல இல்ல. அமைப்புக் கோப்புல. வெளியில இருந்து இழுக்கறது 110 வழியா. உள்ள பிரிச்சுக் குடுக்கறது 143 வழியா. கேட்டா, நிறுவிக் குடுத்த ஆள் கிட்ட இருந்து ஒரே பதில்தான். "அரே பாவு, கோன் தேக்னே வாலா ஹை?" அதாவது, யாரு உட்கார்ந்து பார்க்கப் போறா?

சரி, யாரு பார்க்கப் போறான்னே பார்த்துடுவோம்.

பாப்3 எப்படிப் பேசும்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. சர்வர் "வணக்கம்"னு சொல்லும். உங்க மெயில் மென்பொருள் "யூசர்"னு எழுதி உங்க பேரை அனுப்பும். அடுத்த வரியில "பாஸ்"னு எழுதி உங்க கடவுச்சொல்லை அனுப்பும். அப்படியே. எழுத்துக்கு எழுத்து. போஸ்ட்கார்டுல எழுதின மாதிரி. இந்த நெறிமுறை 1988-ல வந்தது. அன்னிக்கு இணையத்துல இருந்தவங்க பல்கலைக்கழகம், ஆராய்ச்சிக்கூடம்னு ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்ச கூட்டம். தெருவுல எல்லாரும் சொந்தக்காரங்கன்னா கதவைத் திறந்து போட்டுத் தூங்கலாம். இப்ப அந்தத் தெருவா இது?

அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னா ஒரு நாளைக்கு 288 தடவை. ஒரு மெயில்பாக்ஸோட கடவுச்சொல் ஒரு நாளைக்கு 288 தடவை வெட்டவெளியில நடந்து போகுது. பன்னெண்டு மெயில்பாக்ஸ்னா 3456 தடவை. திருடனுக்கு ஒரே ஒரு தடவை கண்ணுல பட்டாப் போதும்.

"நடுவுல உட்கார்ந்து யாரு சார் ஒட்டுக் கேப்பான், இதெல்லாம் சினிமா"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு உண்மைச் சம்பவம். மைக்ரோடிக்னு ஒரு ரவுட்டர். சின்ன ஆபீஸ்லயும் தெருமுனை இன்டர்நெட் சேவைக்காரங்க கிட்டயும் நிறையப் பார்க்கலாம். 2018-ல அதுல ஒரு ஓட்டை கண்டுபிடிச்சாங்க. கம்பெனி ஏப்ரல்லயே ஒட்டு போட்டுட்டாங்க. ஆனா ரவுட்டரை யாரு அப்டேட் பண்றா? அதே வருஷம் செப்டம்பர்ல 360 நெட்லேப்னு ஒரு ஆய்வுக்குழு அறிக்கை விட்டாங்க. 7,500-க்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் தன் வழியாப் போற தரவை நகல் எடுத்து யாரோ ஒரு மூணாவது ஆளுக்கு அனுப்பிக்கிட்டு இருக்குன்னு. எல்லாத் தரவையும் இல்லீங்க. பொறுக்கி எடுத்த சில போர்ட்களை மட்டும். எது எதுன்னு கேளுங்க. 20, 21, 25, 110, 143.

பார்த்தீங்களா? திருடன் எந்தக் கதவு திறந்திருக்கும்னு தெரிஞ்சுதான் வந்திருக்கான். 993-ஐ அவன் பட்டியல்லயே சேர்க்கல. சேர்த்து என்ன பிரயோஜனம்? கிடைக்கறது வெறும் குப்பையாத்தான் இருக்கும். "யாரு பார்க்கப் போறா"ங்கிற கேள்விக்கு இதை விடத் தெளிவா ஒரு பதில் எனக்குத் தெரியாது.

இது ஏதோ பழைய கதைன்னும் நினைக்காதீங்க. 2025 ஜனவரியில ஷேடோசர்வர்னு ஒரு அமைப்பு இணையம் முழுக்கத் தட்டிப் பார்த்துச் சொன்னது: டிஎல்எஸ் இல்லாம பாப்3 நடத்தற சர்வர்கள் சுமார் 33 லட்சம். ஐமேப்லயும் கிட்டத்தட்ட அதே அளவு, பெரும்பாலும் அதே சர்வர்கள்தான். 33 லட்சம் கதவுங்க!

அடுத்த சால்ஜாப்பு: "வெளியில சரி, ஆபீஸ் உள்ள எல்லாம் நம்ம ஆளுங்கதானே?"

உங்க ஆபீஸ் வைஃபை கடவுச்சொல் யாருக்கெல்லாம் தெரியும்? நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுங்க. போன வருஷம் சண்டை போட்டுட்டு வேலையை விட்டுப் போன பையனுக்குத் தெரியும். ஏசி ரிப்பேர் பண்ண வந்தவருக்குத் தெரியும். மீட்டிங்குக்கு வந்த கிளையன்ட் போன்ல சேமிச்சு வெச்சிருக்கார். அதே நெட்வொர்க்ல ஒரு சிசிடிவி பெட்டி, ஒரு ஸ்மார்ட் டிவி, யாரோ ஒருத்தரோட வைரஸ் புடிச்ச லேப்டாப். இதுல ஏதாவது ஒண்ணு "நான்தான் ரவுட்டர்"னு பொய் சொல்லி மத்த மெஷின்களோட போக்குவரத்தைத் தன் பக்கம் திருப்பிக்க முடியும். ஏஆர்பி ஸ்பூஃபிங்னு பேரு. கல்லூரிப் பசங்க லேப்ல விளையாட்டாச் செய்யற வேலை. அதுக்குப் பெரிய மூளை எல்லாம் வேண்டாம்.

இப்ப என் வயித்தெரிச்சலுக்கு வர்றேன்.

ஊரை விட்டு வந்தவன் வாழ்க்கை பாதி அட்டாச்மென்ட்லதான் ஓடுது. அப்பாவோட எக்கோ ரிப்போர்ட்டை திருநெல்வேலியில ஸ்கேன் பண்ணி அனுப்புவாங்க, அதை இங்க ஒரு டாக்டருக்கு அனுப்பிக் கருத்து கேப்போம். ஊர் நிலத்துக்கு பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் மெயில்லதான் வரும். வாடகை ஒப்பந்தம், ஆதார் நகல், கேன்சல் பண்ணின காசோலை, சம்பளச் சீட்டு, படிவம் 16. நேர்ல ஒரு எட்டு போய் கையில குடுத்துட்டு வர முடியாத தூரத்துல இருக்கறதால எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்பறோம். நான் என் வீட்டுல எவ்வளவு கெட்டியாப் பூட்டு போட்டு வெச்சிருந்தாலும், அந்தப் பக்கம் அதை வாங்கிக்கற ஆபீஸ் 110 வழியா எடுத்தா என் பூட்டுக்கு என்ன அர்த்தம்?

இங்கதான் இது தொழில்நுட்ப விஷயத்தைத் தாண்டி நியாய அநியாய விஷயம் ஆகுது. "என் மெயில், என் ரிஸ்க், உனக்கென்ன"ன்னு ஒரு ஆடிட்டர் சொல்ல முடியாது. அவர் மெயில்பாக்ஸ்ல இருக்கறது அவர் சொத்து இல்ல. முந்நூறு குடும்பத்தோட பான் எண், பேங்க் கணக்கு, வருமானம். வருமான வரி ஒப்புகை பிடிஎஃப் பூட்டோடதான் வரும், ஆனா சாவி என்ன? பான் எண் சின்ன எழுத்துல, கூடவே பிறந்த தேதி. ரெண்டும் அதே மெயில்பாக்ஸ்ல வேற ஒரு மெயில்ல இருக்கும். கிளினிக்ல இருக்கறது யாரோ ஒரு பொண்ணோட ஸ்கேன் ரிப்போர்ட். ரிஸ்க் எடுக்கறது ஆபீஸ், நஷ்டப்படறது அதைப் பத்தி ஒரு வார்த்தை கூடக் கேள்விப்படாத மூணாம் மனுஷன். அடகுக் கடைக்காரர் "என் கடை, நான் ஷட்டர் போடாமப் போவேன்"னு சொன்னா ஒத்துப்பீங்களா? உள்ள இருக்கறது உங்க வீட்டு நகை ஐயா!

நஷ்டம் எவ்வளவு பெருசா இருக்க முடியும்னா, மெயில்பாக்ஸ்ல புகுந்து காத்திருந்து, சரியான நேரத்துல "எங்க பேங்க் கணக்கு மாறிடுச்சு, இனிமே இதுல போடுங்க"ன்னு பொய் இன்வாய்ஸ் அனுப்பற மோசடி ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல எஃப்பிஐ கிட்ட 2023-ல வந்த புகார்கள்ல மட்டும் இந்த வகையில போன பணம் சுமார் 290 கோடி டாலர். எல்லாமே 110 வழியாப் போச்சுன்னு நான் சொல்லல. கடவுச்சொல்லைக் களவாட ஏமாத்து மெயில், வைரஸ்னு பத்து வழி இருக்கு. ஆனா பத்துல ஒண்ணை நாமே திறந்து வெச்சுக் குடுக்கணுமா?

இனி சான்றிதழ் புராணம்.

குறியாக்கம் போட்டா ஒரு சான்றிதழ் வேணும். அது இல்லாமலோ காலாவதி ஆகியோ இருந்தா மெயில் மென்பொருள் கத்தும். உடனே நம்ம வெண்டர் வருவார். ரெண்டே வழிதான் அவருக்குத் தெரியும். ஒண்ணு, எஸ்எஸ்எல் டிக்கை எடுத்துட்டு "ஹோ கயா சார்"னு கிளம்பறது. இன்னொண்ணு, "விதிவிலக்கை உறுதி செய்"னு வர்ற பொத்தானை எல்லார் மெஷின்லயும் அமுக்கிட்டு, "இனிமே இப்படி வந்தா நீங்களே அமுக்கிடுங்க"ன்னு பாடம் நடத்தறது. முதலாவதை விட இது மோசம். பன்னெண்டு பேருக்கு, எச்சரிக்கை வந்தா கண்ணை மூடிக்கிட்டு "சரி" சொல்லுன்னு பயிற்சி குடுத்துட்டுப் போறார். நாளைக்கு நிஜமாவே ஒருத்தன் நடுவுல வந்து உட்கார்ந்தாலும் வர்றது அதே எச்சரிக்கைதான். அதே விரல், அதே பொத்தான். முடிஞ்சது கதை.

பழைய ஆண்ட்ராய்டு மெயில் செயலியில "எல்லாச் சான்றிதழையும் ஏத்துக்கோ"ன்னு பகிரங்கமாவே ஒரு தேர்வு இருந்தது. வாட்ச்மேனை வேலைக்கு வெச்சுட்டு, "யார் எந்த அடையாள அட்டை காட்டினாலும் உள்ள விடு"ன்னு சொல்ற மாதிரி. அப்புறம் எதுக்கு வாட்ச்மேன்? ஃபெட்ச்மெயில் 2019-ல 6.4 பதிப்புல சான்றிதழைச் சரிபார்க்கறதை இயல்பான பழக்கமாவே மாத்திட்டாங்க. நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? சரிபார்க்காதேன்னு ஒரு வார்த்தையை அமைப்புக் கோப்புல சேர்த்து அதையும் கெடுத்து வைக்கிறாங்க!

"சான்றிதழுக்குக் காசு ஆகுமே"ன்னு இன்னமும் சொல்றவங்க இருக்காங்க. லெட்ஸ் என்க்ரிப்ட் 2015 டிசம்பர்ல எல்லாருக்கும் திறந்துவிட்டாங்க. இலவசம். தானாப் புதுப்பிச்சுக்கும். "எங்க சர்வர் வெளியில இருந்து தெரியாது, நிலையான ஐபி கிடையாது"ன்னா அதுக்கும் வழி இருக்கு. டொமைனோட டிஎன்எஸ்-ல ஒரு வரி எழுதிக் காட்டினாப் போதும், சர்வர் கதவை வெளியில திறக்கவே வேண்டாம். வீட்டு பிராட்பேண்ட்ல மூலையில இருக்கற சர்வருக்கும் இது போதும். டொமைனே இல்லாத வீட்டு சர்வரா? நீங்களே ஒரு சான்றளிப்பு மையம் உருவாக்கி, அதோட மூலச் சான்றிதழை வீட்டுல இருக்கற நாலு மெஷின்ல ஏத்துங்க. சொந்தச் சான்றிதழ் பாவம் இல்ல. சரிபார்க்காம ஏத்துக்கறதுதான் பாவம்.

இன்னும் சில மேதாவிங்க இருக்காங்க. "சான்றிதழ் குடுக்கறவங்களையே நம்ப முடியாது சார், 2014-ல நம்ம என்ஐசி பேர்லயே கூகிளுக்குப் போலிச் சான்றிதழ் வந்துச்சே"ம்பாங்க. வந்தது, வாஸ்தவம். 2014 ஜூலையில கூகிள் அதைக் கண்டுபிடிச்சாங்க, சான்றிதழ்களை ரத்து பண்ணினாங்க, இந்திய மூலச் சான்றிதழை எந்தெந்த டொமைனுக்கு ஏத்துக்கலாம்னு குரோம் கட்டுப்பாடும் போட்டது. இதுல இருந்து என்ன தெரியுது? பூட்டை உடைச்சா கண்டுபிடிக்கவும் நடவடிக்கை எடுக்கவும் ஏற்பாடு இருக்குன்னு தெரியுது. கதவே இல்லாத வீட்டுல திருடு போனா கண்டுபிடிக்கக்கூட முடியாது. பூட்டு உடையலாம்ங்கறது பூட்டே வேண்டாம்ங்கறதுக்கு வாதம் ஆகுமா?

கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்க சொல்றது: "நாங்க 143-லயே ஸ்டார்ட்டிஎல்எஸ் போட்டிருக்கோமே."

இதுக்கு ஒரு பின்கதை. 1999-ல வந்த விதிமுறையில, தனிக் கதவு எதுக்கு, பழைய கதவுலயே பேச ஆரம்பிச்சு, நடுவுல "இனிமே பூட்டிக்கலாமா"ன்னு கேட்டுக்கலாம்னு முடிவு பண்ணினாங்க. அன்னிக்கு நியாயமாப் பட்டது. ஆனா அந்த முதல் பேச்சு வெட்டவெளியில நடக்குது. நடுவுல இருக்கறவன் "இந்த சர்வர்ல பூட்டு வசதி இல்லையாம்"னு மாத்திச் சொல்லிட்டா, "முடிஞ்சாப் பூட்டு, இல்லாட்டிப் பரவாயில்ல"ன்னு அமைச்சிருக்கற மென்பொருள் சத்தம் போடாமக் கடவுச்சொல்லைக் குடுத்துடும். 2018 ஜனவரியில வந்த ஆர்எஃப்சி 8314, திறந்த மெயில் பரிமாற்றம் காலாவதி ஆனதுன்னு தலைப்புலயே சொல்லி, ஆரம்பத்துலயே பூட்டற 993, 995 வழிதான் நல்லதுன்னு பரிந்துரைச்சது. 2021-ல நாலு ஜெர்மன் ஆய்வாளர்கள் ஸ்டார்ட்டிஎல்எஸ்-ஐத் தோண்டிப் பார்த்து, மெயில் மென்பொருள்கள்லயும் சர்வர்கள்லயும் நாற்பதுக்கும் மேல ஓட்டைகளைப் பட்டியல் போட்டாங்க. ஆக, இருபது வருஷம் சுத்திட்டு, முதல்ல வேண்டாம்னு சொன்ன தனிக் கதவுக்கே திரும்பி வந்துட்டோம். இனிமேலும் என்ன விவாதம்?

கடைசியா என் சொந்த ஜாதி, அதாவது கம்ப்யூட்டர் ஜாதி. நம்ம ஆளுங்க கிட்ட இதைப் பேசினா உதட்டைப் பிதுக்குவாங்க. "யாருய்யா இன்னும் சொந்த சர்வர் வெச்சிருக்கான், கிளவுடுக்குப் போகச் சொல்லு." பதில் ரொம்ப சுலபமா இருக்கு, அதான் எனக்குப் பிடிக்கல. பெரிய கம்பெனிகள் கதவைப் பூட்டிட்டாங்கங்கறது உண்மை. மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர்ல இருந்து, வெறும் பேர்-கடவுச்சொல்லை மட்டும் அனுப்பி மெயில் எடுக்கற பழைய முறையை எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன்ல நிறுத்த ஆரம்பிச்சாங்க. சபாஷ். ஆனா சொந்த சர்வர் வெச்சுக்கறவன் எல்லாம் பைத்தியக்காரன் இல்ல. தன் காகிதம் தன் அலமாரியில இருக்கணும்னு நினைக்கறது ஒரு நியாயமான ஆசை. அந்த ஆசைக்கு, பூட்டு போடத் தெரிஞ்ச நாம உதவணும். "அலமாரியை வித்துட்டு லாக்கர்ல வை"ன்னு சொல்றது உதவி இல்ல, தட்டிக் கழிக்கறது.

இந்தப் பக்கம் சுதேசிக் கூட்டம். 2025 அக்டோபர்ல உள்துறை அமைச்சர் அமித் ஷா ஜோஹோ மெயிலுக்கு மாறினதா அறிவிச்சதுல இருந்து, "நம்ம நாட்டு சர்வர்னா பாதுகாப்பு"ன்னு ஒரு புதுப் பேச்சு. நம்ம ஊர்க் கம்பெனி வளர்றதுல எனக்கும் சந்தோஷம்தான். ஆனா சர்வர் எந்த நாட்டுல இருக்குங்கறது ஒரு கேள்வி, அதுல இருந்து மெயிலை எப்படி எடுக்கறீங்கங்கறது வேற கேள்வி. தேசபக்தியோட 110-ல எடுத்தாலும் கடவுச்சொல் திறந்துதான் போகும். போர்ட்டுக்குக் கொடி தெரியாது.

சரி, திட்டினது போதும். செய்ய வேண்டியது என்ன? ஒரு மதியம் போதும்.

ஒண்ணு, சர்வருக்கு ஒரு பேர் வெச்சு, அந்தப் பேருக்குச் சான்றிதழ் வாங்குங்க. கிளையன்ட்ல ஐபி எண்ணைப் போடாம அந்தப் பேரையே போடுங்க. பாதி சான்றிதழ்த் தகராறு பேர் பொருந்தாததாலதான் வருது.

ரெண்டு, டவ்காட்ல எஸ்எஸ்எல் வரியில "கட்டாயம்"ங்கற பொருள்ல வர்ற "ரிக்வயர்ட்"ஐப் போடுங்க. வெறும் "எஸ்" போதாது. டிஎல்எஸ் 1.2-க்குக் கீழ எதையும் ஏத்துக்காதீங்க. 1.0-ஐயும் 1.1-ஐயும் 2021-லயே அதிகாரபூர்வமா ஓய்வு குடுத்து அனுப்பியாச்சு.

மூணு, 110, 143 ரெண்டுக்கும் போர்ட் எண்ணை பூஜ்யம்னு போடுங்க. அந்தக் கதவு மறைஞ்சுடும். அதே மெஷின்ல வெப்மெயில் ஓடி அது 143-ஐக் கேட்டா, அந்த மெஷினுக்குள்ள மட்டும் கேட்கற மாதிரி லோக்கல்ஹோஸ்ட்ல கட்டிப் போடுங்க.

நாலு, ஃபெட்ச்மெயில் வெளியில இருந்து இழுக்கறதையும் 993 அல்லது 995-க்கு மாத்துங்க. சரிபார்ப்பைக் கெடுக்கற வரி இருந்தா அழிங்க. உங்க ஹோஸ்டிங்காரர் ஒழுங்கான சான்றிதழோட அந்தக் கதவைத் தரலைன்னா, அவரை மாத்துங்க. யோசிக்கவே வேண்டாம்.

அஞ்சு, சான்றிதழ் புதுப்பிச்ச கையோட டவ்காட்டை மறுபடி படிக்கச் சொல்லி ஒரு கட்டளையையும் சேர்த்து வைங்க. புதுச் சான்றிதழ் டிஸ்க்ல பத்திரமா உட்கார்ந்திருக்கும், டவ்காட் பழசையே காட்டிக்கிட்டு இருக்கும், அன்னிக்குப் பார்த்து வெண்டர் வந்து டிக்கை எடுப்பார். லெட்ஸ் என்க்ரிப்ட் காலாவதி நினைவூட்டல் மெயில் அனுப்பறதை 2025 ஜூன்ல நிறுத்திட்டாங்க. தேதியைப் பார்க்க நீங்களே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டுக்குங்க. சான்றிதழ் ஆயுள் வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வருது. 2029 மார்ச்சுல இருந்து அதிகபட்சம் 47 நாள்னு 2025-லயே முடிவாயிடுச்சு. கையால புதுப்பிக்கற காலம் மலையேறிப் போச்சு.

ஆறு, எல்லாம் முடிஞ்சதும் எல்லாரோட கடவுச்சொல்லையும் மாத்துங்க. இத்தனை வருஷம் தெருவுல நடந்த கடவுச்சொல் அது. பூட்டை மாத்திட்டுப் பழைய சாவியை வெச்சுக்கிட்டா எப்படி?

ஆபீஸ்ல ஒரே ஒரு பழைய விண்டோஸ் 7 மெஷின் பழைய அவுட்லுக்கோட முனகும். புது டிஎல்எஸ் அதுக்கு லேசுல பேச வராது. உடனே "அந்த ஒருத்தருக்காக 110-ஐத் திறந்து வைங்க"ம்பாங்க. கூடாது. அந்த இயங்குதளத்துக்கு 2020 ஜனவரியிலயே ஆதரவு முடிஞ்சுபோச்சு. அதுல தண்டர்பேர்ட் போடுங்க, இல்ல பிரவுசர்ல வெப்மெயில் பார்க்கச் சொல்லுங்க, இல்ல லினக்ஸ் போடுங்க. ஒரு மெஷினோட சோம்பேறித்தனத்துக்குப் பன்னெண்டு பேர் விலை குடுக்க வேண்டாம்.

இதெல்லாம் பண்ணினா உலகமே பத்திரமான்னா, இல்ல. சர்வர்லயும் கம்ப்யூட்டர்லயும் மெயில் திறந்துதான் இருக்கும். வழியில மட்டும்தான் பூட்டு. மெஷினை யாராவது தூக்கிட்டுப் போனா டிஎல்எஸ் காப்பாத்தாது, டிஸ்க்குக்குத் தனியாக் குறியாக்கம் வேணும். ஏமாத்து மெயில்ல கடவுச்சொல்லை நீங்களே தட்டிக் குடுத்தா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா செய்யக்கூடிய வேலைகள்லயே மலிவானது, சுலபமானது இதுதான். இதையே செய்யாதவன் மத்ததைச் செய்வான்னு எனக்கு நம்பிக்கை இல்ல.

சட்டமும் வருது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல வந்தது, அதோட விதிகள் 2025 நவம்பர்ல வந்தது. முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாசம் அவகாசம். நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யலைன்னா 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம் போடலாம்னு சட்டத்துல இருக்கு. அந்த ஏற்பாடுகள்ல ஒண்ணா விதிகள் குறியாக்கத்தைப் பேர் சொல்லியே குறிப்பிடுது. உங்க சின்ன ஆபீஸ் மேல 250 கோடி போடப் போறாங்கன்னு பயமுறுத்தல. அபராதத்துக்குப் பயந்து பூட்டு போடறது எனக்குக் கொஞ்சம் கேவலமாவும் படுது. நம்பிக் குடுத்தவங்களுக்காகப் போடுங்க.

நீங்க கம்ப்யூட்டர் ஆளே இல்லையா? பரவாயில்ல. உங்க ஆடிட்டர் கிட்ட, உங்க டாக்டர் கிட்ட, உங்க சொஸைட்டி செயலர் கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சார், நீங்க மெயில் எடுக்கறது எந்தப் போர்ட்ல?" பத்துல ஒன்பது பேர் முழிப்பாங்க. முழிக்கட்டும். வெண்டருக்கு போன் போடுவாங்க. அவர் "கோன் தேக்னே வாலா ஹை"ம்பார். அப்ப அவங்க சொல்லட்டும், என் கிளையன்ட் பார்த்துக்கிட்டு இருக்கார்னு.

பி.கு: டவ்காட் 2.4 பதிப்பு 2025 ஜனவரியில வந்தது. பழைய 2.3 அமைப்புக் கோப்பு அதுல அப்படியே ஓடாது. சான்றிதழ், சாவி, திறந்த கடவுச்சொல் அனுமதி இந்த மூணு வரிகளோட பேரும் மாறிடுச்சு. மேம்படுத்தறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்து வெச்சுக்கிட்டு ஆவணத்தைப் படிங்க. "புதுசுல ஓடல"ன்னு டிக்கை மட்டும் எடுத்துடாதீங்க, புண்ணியமாப் போகும் :-)